பீரோவிலிருந்து வந்த தலையணை

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து தாம்பூலத் தட்டு வரும் நேரத்தில் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "மேடம், எந்தப் பக்கம் படுத்தா முதுகு வலிக்காது?" கேட்பவர் ஒற்றைச் சொல்லில் பதில் எதிர்பார்க்கிறார். இடம், வலம், மல்லாந்து என்று மூன்றில் ஒன்றைச் சொன்னால் அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவார். இருபத்தாறு ஆண்டுகள் கடலூரிலும் சிதம்பரத்திலும் இயன்முறை சிகிச்சை செய்தவள் நான். அந்த ஒற்றைச் சொல்லை இன்றுவரை எவருக்கும் தந்ததில்லை. தெரியாததால் தராமல் இருந்தேன் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஏன் தரவில்லை என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. அந்த வழக்கை விரித்துரைக்கவே இந்தக் கட்டுரை.

இப்போது எழுதுவதற்கு உடனடிக் காரணமும் உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் புதிதாக ஒரு மெத்தைக் கடை திறந்திருக்கிறார்கள். மெத்தையில் படுத்தால் எதிரே உள்ள திரையில் உங்கள் உடம்பு சிவப்பாகவும் பச்சையாகவும் தெரிகிறது. எந்த இடம் அழுந்துகிறது என்று மெத்தையே சொல்லிவிடுகிறது. சென்ற மாதம் என் பழைய மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் கவலையோடு கேட்டார்கள்: "மெத்தையே சொல்லிடுச்சுன்னா நம்மகிட்ட யாரு மேடம் வருவாங்க?"

வருவார்கள் என்றேன். நிரூபியுங்கள் என்றார்கள். நிரூபிக்கச் சொன்னால் நான் சும்மா இருந்ததில்லை.

படித்த காலத்தைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் உடற்கூற்றியல், மாலையில் பேச்சுப் போட்டி. எலும்புகளின் பெயர்களை நான் மேடைப் பேச்சைப் போல ஏற்ற இறக்கத்தோடு மனப்பாடம் செய்வதைக் கேட்டு விடுதித் தோழிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பட்டம் வாங்கி வெளியே வந்தபோது என் பெட்டியில் சான்றிதழ் ஒன்று இருந்தது. கோப்பைகள் பதினேழு இருந்தன. எது கனம் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் கோப்பைகளைத்தான் காட்டியிருப்பேன். ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு கேட்டபோது, காரணம் எழுத வேண்டிய இடத்தில் "பேசப் போகிறேன்" என்று எழுதிக் கொடுத்தவள் நான். நிர்வாகத்தார் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

என் முதல் வேலை கடலூரில் ஒரு சிறிய மருத்துவமனையில். சனிக்கிழமைகளில் முகாம் போவோம். தேவனாம்பட்டினத்தில் நடந்த முதல் முகாமில், மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு முதுகு வலி பற்றி ஐந்து நிமிடம் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஒலிபெருக்கி கையில் கிடைத்தது. கேட்பதற்கு ஆட்களும் கிடைத்தார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். முதுகெலும்பின் மூன்று வளைவுகளை மூன்று அலைகளுக்கு ஒப்பிட்டேன். எனக்கே கைதட்டத் தோன்றியது. முடித்துவிட்டுப் பார்த்தால், முதல் வரிசையில் பாதிப் பேர் சாய்ந்த இடத்திலேயே உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட நான் சொன்ன நிலையில் உறங்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன். ஓர் அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா பேசுன தாயி. எங்கூட்டுக்காரரு மூணு நாளா கண்ண மூடல. ஒம் பேச்சுலதான் தூங்கிக்கீறாரு. அடுத்த வாரமும் வா."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஓர் அறக்கட்டளை நடத்திய மருத்துவமனை, பெயர் வேண்டாம். இயன்முறைப் பிரிவுக்குத் தலைவர் சந்தானம் சார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஓரடி மர அளவுகோல் ஒன்று எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். பெயரடைகளின் மீது அவருக்கு என்ன பகை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "கடுமையான வலி" என்று நான் நோயாளியின் அட்டையில் எழுதினால் "கடுமையான" என்பதை அடித்துவிட்டு, "எதைச் செய்யும்போது?" என்று ஓரத்தில் எழுதுவார். நான் பேசத் தொடங்கினால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "பேச்சாளரம்மா" என்றுதான் அழைப்பார். சினத்தோடு சொன்னாரா செல்லமாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அவருடைய முறையைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய பிள்ளைகளுக்குப் பயன்படும். கழுத்து வலி, முதுகு வலி என்று வருகிறவரிடம் "எப்படிப் படுப்பீர்கள்?" என்று அவர் கேட்க மாட்டார். கட்டிலைக் காட்டி, "படுத்துக் காட்டுங்க" என்பார். பிறகு இரண்டு நிமிடம் ஒரு சொல்லும் பேசாமல் நிற்பார். முதலில் கால்மாட்டிலிருந்து பார்ப்பார், அடுத்து பக்கத்திலிருந்து, கடைசியாகத் தலைமாட்டிலிருந்து. மல்லாந்து படுத்தவருக்கு முகவாய் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா, நெஞ்சில் இடிக்கிறதா என்று கவனிப்பார். முழங்காலின் அடியில் ஒரு சிறு தலையணையைச் செருகி இடுப்பு இளகுகிறதா என்று பார்ப்பார். ஒருக்களித்துப் படுத்தவருக்கு மூக்கு, முகவாய், நெஞ்சுக்குழி மூன்றும் ஒரே கோட்டில் கட்டிலுக்கு இணையாக ஓடுகின்றனவா என்று நூல் பிடித்துப் பார்ப்பார். தோள்பட்டைக்கும் காதுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தலையணை நிரப்ப வேண்டும். குறைந்தால் கழுத்து கீழே தொங்கும், மிஞ்சினால் மேலே மடங்கும். முழங்கால்களுக்கு இடையிலும் ஒரு தலையணை வேண்டும். குப்புறப் படுக்கிறவருக்கு மூச்சுவிட முகம் ஒரு பக்கம் திரும்பியே ஆக வேண்டும். பல மணி நேரம் கழுத்தை முறுக்கிவைத்த நிலை அது. ஆகவே அதை மட்டும் அவர் விடச் சொல்லுவார்.

தலையணையை அவர் அளக்கும் விதமே தனி. பார்வைக்குப் புசுபுசுவென்று இருக்கும் உயரம் அவருக்குப் பொருட்டல்ல. உள்ளங்கையால் அழுத்தி, அழுந்திய உயரத்தைத்தான் அளவுகோலால் அளப்பார். இதற்காக அவர் ஒரு விதி வைத்திருந்தார். இரண்டாம் முறை வரும் நோயாளி வீட்டிலிருந்து தன் தலையணையைக் கொண்டுவர வேண்டும். சீட்டிலேயே அச்சடித்திருந்தோம். சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஒருவர் கக்கத்தில் தலையணையோடு இறங்கினால், ஆட்டோக்காரர் எங்கே என்று கேட்க மாட்டார். நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து விடுவார். அந்த விதியைப் பற்றி எனக்கு அளவுகடந்த பெருமை. எங்கு பேசினாலும் அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

அப்படிப்பட்ட காலத்தில், ஓர் ஐப்பசி மழையில் கலியபெருமாள் வந்தார்.

குமராட்சிப் பக்கத்து ஊர்க்காரர். மினி பஸ் ஓட்டுநர். வயது நாற்பத்திரண்டு. கழுத்தில் தொடங்கிய வலி இடது தோள் வழியாக இறங்கி, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மதமதப்பாக நின்றது. கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாகப் படம் சொன்னது. இடது கையில் பிடிமானம் குறைந்துகொண்டே வந்தது.

"மூணாவது கியர் போடறேன்னு நெனச்சிக்கிறேன் மேடம், கை அங்க போயிருக்கும், ஆனா புடிச்சிருக்காது," என்றார். "ரெண்டு தடவ வண்டி நடு ரோட்டுல நின்னுடுச்சி. ஓனரு ஸ்டியரிங்க புடுங்கி எம் மச்சாங்கிட்ட குடுத்துட்டாரு. இப்ப நான் அதே பஸ்ல விசில் ஊதிக்கிட்டு வர்றேன். அவன் வேணும்னே என்னப் பாத்து 'மாமா, போலாமா? ரைட் சொல்லு மாமா'ங்குறான்."

அறுவை சிகிச்சை நிபுணர் ஆறு வாரம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் கை தேறினால் நல்லது. இன்னும் தளர்ந்தால் கழுத்தைத் திறந்தாக வேண்டும். பேருந்து உரிமையாளரும் ஒரு கெடு வைத்திருந்தார்: தை பிறப்பதற்குள் கலியபெருமாளின் கை தேறாவிட்டால் மைத்துனரே நிரந்தர ஓட்டுநர். ஒரு மனிதரின் கழுத்துக்கு இரண்டு கெடு.

பிடிமானத்தை அளக்க எங்களிடம் இருந்தது இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைதான். அதைச் சுருட்டி, கொஞ்சம் காற்றேற்றி, நோயாளியின் கையில் கொடுத்து அழுத்தச் சொல்வோம். பாதரசம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்போம். முதல் நாள் கலியபெருமாளின் வலது கை நூற்று அறுபதைத் தொட்டது. இடது கை தொண்ணூறு.

இரண்டாம் முறை விதிப்படி தலையணையோடு வந்தார். வெள்ளை உறை, மூலையில் பச்சை நூலால் இரண்டு கிளிகள். அழுத்தி அளந்தேன், நான்கு விரல் உயரம், மல்லாந்து படுக்க அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. "படுத்துக் காட்டுங்க" என்றேன். படுத்தார். மூக்கு கூரையைப் பார்த்தது, கைகள் மார்பில் கூப்பியிருந்தன, கால்கள் சேர்ந்திருந்தன. பாடப்புத்தகப் படம்கூட அவ்வளவு திருத்தமாகப் படுத்திருக்காது.

"இப்படித்தான் தினமும் படுப்பீங்களா?"

"ஆமாங்க மேடம்."

முழங்காலின் அடியில் இன்னொரு சிறு தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னேன். கழுத்துக்கு இயந்திரத்தில் இழுவை, தோளுக்குப் பயிற்சி, எல்லாம் முறைப்படி தொடங்கின. அடுத்த வாரம் இடது கை எண்பத்து நான்கு. அதற்கடுத்த வாரம் எண்பது. நான்காம் வாரம் எழுபத்தாறு.

அந்த நான்காம் வாரம் நான் பேசினேன். உறக்கத்தில் கழுத்துக்குக் காவலர் யார், தலையணைக்கும் தலைக்கும் உள்ள ஒப்பந்தம் என்ன, பகலில் நாங்கள் கட்டுவதை இரவில் இடிப்பது தகுமா என்று மூன்று கேள்விகள் எழுப்பி, மூன்றுக்கும் நானே விடையளித்தேன். கலியபெருமாள் கண் கொட்டாமல் கேட்டார். முடித்ததும், "மேடம் பேசுனா கேட்டுக்கிட்டே இருக்கலாங்க. டிவியில வர்ற மாதிரியே இருக்குது," என்றார். "அப்போ நான் சொன்னபடி செய்றீங்களா?" என்றேன். "சரிங்க மேடம்," என்றார். மேடையில் எதிரணி வாயடைத்துப் போனால் கோப்பை நமக்கு. அந்தப் பழக்கத்தில், "சரிங்க மேடம்" என்பதை வெற்றி என்று எழுதிக்கொண்டேன். பாதரசம் மட்டும் எழுபத்தாறிலேயே நின்றது.

ஐந்தாம் வாரம் அவருடைய மனைவி அஞ்சலை உடன் வந்தார். கையில் பாலித்தீன் பையில் சுற்றிய அதே கிளித் தலையணை. நான் அதை வாங்கிக் கட்டிலின் ஓரத்தில் வைத்தேன். அது சரிந்து தரையில் விழுந்தது. அஞ்சலை பதறிப்போய் எடுத்துத் தட்டினார்.

"பாத்து மேடம், அழுக்காயிடப் போவுது! எங்க கல்யாணத்துக்கு அம்மா வூட்ல குடுத்தது. பதினெட்டு வருசமா பீரோவுல பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். யாரையும் தல வைக்க வுட்டதில்ல."

நான் அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தினேன். "அவர் தினம் படுக்குறது இதுல இல்லியா?"

"இதுலயா? தலைக்கி எண்ண தேச்சிக்கிட்டு வந்து இதுல படுத்தாருன்னா நான் சும்மா வுட்ருவனா? உங்ககிட்ட காட்டத்தான் வெளிய எடுக்கறது. போன ஒடனே பீரோவுக்குப் போயிடும்."

கலியபெருமாள் சன்னலுக்கு வெளியே மழையைப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்போ தினமும் எதுல படுக்குறாரு?"

"அது ஒண்ணு கெடக்குது மேடம், பஞ்சு கட்டி கட்டியா, கருப்பா. அத எடுத்துக்கிட்டு மினி பஸ்ல ஏற முடியுமா? நாலு பேரு பாத்தா எங்க குடும்பத்த என்னான்னு நெனப்பாங்க? அதுவும் இந்தாளு தலைக்கா வக்கிறாரு? நெஞ்சுக்கு அடியில போட்டுக்கிட்டு குப்புறக் கெடப்பாரு. செவுத்தப் பாத்து மூஞ்சிய இப்பிடித் திருப்பிக்கிட்டு." அஞ்சலை தன் கழுத்தை இடப்பக்கமாக முறுக்கிக் காட்டினார். பார்த்த எனக்கே வலித்தது.

"ரெண்டு வருசமா இப்பிடித்தான்," என்றார்.

கலியபெருமாளிடம் திரும்பினேன். "ஏங்க, மல்லாந்துதானே படுத்துக் காட்டுனீங்க?"

"மேடம்..." என்று இழுத்தார். "ஒரு லேடீஸ் முன்னாடி எப்படிங்க குப்புறப் படுக்குறது? மரியாத இல்லீங்களே."

அஞ்சலை விடவில்லை. "முழுசா சொல்லேன்யா. கொறட்டைய சொல்லு." சொல்லமாட்டார் என்று தெரிந்து தானே சொன்னார். வீட்டில் ஒரே ஒரு கூடம். சுவரோரம் கலியபெருமாளின் பாய். எட்டடி தள்ளி மகள் பவித்ராவின் படிப்பு மேசை. பன்னிரண்டாம் வகுப்பு. மல்லாந்து படுத்தால் கலியபெருமாளின் குறட்டை எதிர்வீட்டு மாட்டை எழுப்பும். குப்புறப் படுத்தால் சத்தம் வராது. பதினோராம் வகுப்பில் மகள் சேர்ந்த நாள் முதல் அவர் குப்புறத்தான் படுக்கிறார்.

"மேடம் சொன்னாப்பல ஒரு நாளு மல்லாந்து படுத்தேங்க," என்றார் கலியபெருமாள் மெதுவாக. "நல்லா தூக்கம். அரை மணி நேரத்துல முழிப்பு வந்து பாக்கறேன், புள்ள பொஸ்தகத்த மூடிட்டு வெளிய எழுந்து போயிட்டா. அதுக்கு மேல எனக்கு மனசு வரல. கைய வேணா வெட்டி எடுத்துக்குங்க. அது பரீட்ச முடியட்டும்."

ஐந்து வாரம் போய்விட்டது. நிபுணரின் கெடுவில் மிச்சமிருந்தது ஒரு வாரம். நான் தவறான தலையணைக்கு, தவறான படுக்கைக்கு, அழகான தமிழில் வைத்தியம் பார்த்திருக்கிறேன். இதை நான் சந்தானம் சாரிடம் சொல்ல வேண்டும். அவருடைய விதி, ஒன்பது ஆண்டுப் பெருமை. வாழ்க்கையில் முதல் முறையாக மூன்று வாக்கியத்தில் பேசி முடித்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றுவதற்குள் முடிந்துவிட்டது.

எழுந்தார். பையிலிருந்து அளவுகோலை உருவிக்கொண்டு நேராக வெளியே பெஞ்சுக்குப் போனார். அங்கே நான்கு பேர் தலையணையோடு காத்திருந்தார்கள்.

"இது நீங்க தினம் படுக்குற தலகாணியா?" என்று முதலாமவரைக் கேட்டார்.

"புதுசுங்க. நேத்து கடத்தெருவுல வாங்குனது. டாக்டரப் பாக்கப் போறமேன்னு."

இரண்டாவது பெண்மணி கொஞ்சம் தயங்கினார். "இது எதிர்வூட்டு டீச்சரம்மாவோடதுங்க. சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுக்கணும். கொஞ்சம் சீக்கிரம் பாத்து அனுப்பிட்டீங்கன்னா..."

மூன்றாமவரிடம் இருந்தது மாப்பிள்ளை வரும்போது மட்டும் போடுகிற தலையணை. நான்காமவர் கொஞ்சம் விறைப்பான மனிதர். "நான் தலகாணியே வச்சிக்கிறதில்லீங்க," என்றார். "சீட்டுல கொண்டாரணும்னு போட்டிருந்தீங்க. கொண்டாந்தேன்."

"உங்களுக்கு உயரம் ஜாஸ்தின்னு போன வாரம் ஒரு விரல் கொறைக்கச் சொன்னேனே?"

"கொறச்சிட்டோங்க. என் சம்சாரம் பஞ்சு எடுத்துடுச்சி."

சந்தானம் சார் திரும்பி என்னைப் பார்த்தார். "பேச்சாளரம்மா, ஒன்பது வருஷமா நாம பீரோவுக்கு வைத்தியம் பாத்திருக்கோம்," என்றார். பிறகு சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அளவுகோல் கையிலிருந்து விழும் அளவுக்குச் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்களும் எதற்கென்று தெரியாமல் உடன் சிரித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். மருத்துவமனைக்குப் போகிறவர் நல்ல சட்டை போடுகிறார். காலைக் கழுவிக்கொண்டு போகிறார். வீட்டின் எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணையை ஊர் பார்க்கப் பேருந்தில் தூக்கிவர எந்தக் குடும்பத்துக்கு மனம் வரும்? நம் மக்கள் எங்களை ஏமாற்றவில்லை, மரியாதை செய்தார்கள். அந்த மரியாதையை நாங்கள் அளவுகோலால் அளந்துகொண்டிருந்தோம். மஞ்சக்குப்பத்து மெத்தைக்கும் இதே பதில்தான். அந்தத் திரையின் முன் எல்லோரும் கைகூப்பிய கலியபெருமாளாகத்தான் படுப்பார்கள். வீட்டுக்கே அதை வாங்கிப் போட்டாலும், அழுந்திய இடத்தைக் காட்டுமே தவிர, எட்டடி தள்ளி ஒரு மேசை இருப்பதைக் காட்டாது.

அன்றே சந்தானம் சார் சீட்டிலிருந்து தலையணை வரியை அடித்தார். அதற்குப் பதில் எழுதியது: "உங்களுடன் ஒரே அறையில் உறங்குபவரை அழைத்து வரவும்." பொருளை நம்பிக் கெட்டோம், இனிச் சாட்சியை விசாரிப்போம் என்பது அதன் பொருள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அடுத்த வேலை குறட்டை. கலியபெருமாளைக் குப்புறப் படுக்காதே என்றால் மட்டும் போதாது. சத்தம் வராத வேறு நிலை ஒன்றை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் பலருக்குக் குறட்டை குறையும். ஆனால் "குறையும்" என்று நான் சொன்னால் அவர் "சரிங்க மேடம்" என்பார். அந்தச் சொல்லின் எடை எனக்கு இப்போது தெரியும். ஆகவே சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நண்பகல். கலியபெருமாளுக்கு மருத்துவமனை உணவகத்தில் வயிறு நிறையச் சாப்பாடு. சன்னல் திரைகளை இழுத்து விட்டோம். கட்டிலிலிருந்து எட்டடியை சந்தானம் சார் தம் அளவுகோலால் எட்டு முறை வைத்து அளந்து, அங்கே ஒரு நாற்காலி போட்டு அஞ்சலையை உட்கார வைத்தார். நடுவர் அவர்தான்.

முதலில் மல்லாந்து. ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிட்டது. அடுத்த அறையில் கழுத்து இழுவையில் இருந்த ஒருவர், "சார், மிஷின்ல ஏதோ கோளாறு!" என்று கத்தினார்.

பிறகு மெல்லத் தட்டி, வலப்பக்கமாகப் புரட்டினோம். வலி இடது கையில் என்பதால் அந்தப் பக்கம் அழுந்தக் கூடாது. அகன்ற தோள்காரர், பள்ளத்தை நிரப்ப ஆறு விரல் உயரம் தேவைப்பட்டது. மார்பின் முன்னால் ஒரு போர்வையை நீளமாகச் சுருட்டி வைத்து, இடது கையை அதன்மேல் தாங்கவிட்டோம்; குப்புறப் புரண்டுவிடாமல் அதுவே தடுக்கும். முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. காத்திருந்தோம். உறங்கினார். மூச்சு மட்டும் லேசாகச் சீறியது, உலை கொதிக்கும்போது மூடி ஆடுகிற அளவுக்கு.

அஞ்சலை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இரண்டு நிமிடம் தீர்ப்பு வரவில்லை. நான் எந்த இறுதிப் போட்டியிலும் அவ்வளவு படபடப்போடு காத்திருந்ததில்லை.

"இந்த சத்தம் பரவால்ல மேடம்," என்றார் கடைசியில். "எங்க வூட்டு ஃபேனு இதவுட ஜாஸ்தி."

நிபுணரிடம் சந்தானம் சார் நேரில் போய் இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டு வாங்கிவந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "தப்பு எங்களதுன்னு சொன்னேன்," என்றார். அவ்வளவுதான்.

இழுவையும் பயிற்சியும் முன்போலவே தொடர்ந்தன. படுக்கை ஒன்றே எல்லாவற்றையும் குணமாக்கியது என்று நான் வாதிடவில்லை. நாங்கள் பகலில் செய்ததை இரவு அவிழ்த்துக்கொண்டிருந்தது, அது நின்றது. மூன்றாம் வாரக் கடைசியில், கெடு முடிகிற நாளன்று, குடும்பம் மொத்தமும் வந்தது. புதிய விதியின்படி சாட்சியாக வந்தவள் பவித்ரா. இரட்டைச் சடை, பள்ளிச் சீருடை, கையில் ஒரு நோட்டு. பட்டையைச் சுருட்டிக் கலியபெருமாளின் இடது கையில் கொடுத்தேன். அழுத்தினார். பாதரசம் எழுபத்தாறைக் கடந்தது. எண்பது, தொண்ணூறு. நூற்று எட்டில் நின்றது. மறுபடி அழுத்தச் சொன்னேன். மறுபடியும் நூற்று எட்டு.

நிபுணர் அறுவை சிகிச்சைத் தேதியை ரத்து செய்ததும், தை மாதம் மைத்துனர் விசிலுக்கு இறங்கி மாமா ஸ்டியரிங்குக்கு ஏறியதும் பின்னால் நடந்தவை. அன்று அந்த அறையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

சந்தானம் சார் முறைப்படி சாட்சியிடம் கேட்டார்: "ராத்திரி அப்பா எப்படிம்மா படுக்குறாரு?"

"ஒரு பக்கமா படுக்குறாரு சார். போர்வையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு."

"சத்தம்? படிக்க முடியுதா?"

"சத்தம் வருது சார். இப்பதான் எனக்கு நிம்மதியா இருக்கு."

நால்வரும் அவளைப் பார்த்தோம். அவள் நோட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டே பேசினாள்.

"முன்னாடியெல்லாம் அப்பா தூங்குனா சத்தமே வராது. குப்புற, செவுத்துப் பக்கம் மூஞ்சி. மூச்சு இருக்கா இல்லியான்னே தெரியாது. எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணோட அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு சார். அதுலேர்ந்து எனக்குப் பயம். நடு நடுவுல எழுந்து போயி முதுவுல கை வச்சிப் பாப்பேன். திரும்பி வந்து ஒக்காந்தா படிச்சது மறந்துடும்."

"அன்னிக்கு," என்றார் கலியபெருமாள். "அன்னிக்கு ஒரு நாளு நான் மல்லாந்து படுத்தப்ப, நீ பொஸ்தகத்த மூடிட்டு எழுந்து போனியேடா."

"தண்ணி குடிக்கப் போனேன்ப்பா. திரும்பி வந்து பாத்தா நீ குப்புறப் படுத்துட்ட."

அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா வேறு எதையாவதா, தெரியவில்லை. கலியபெருமாளின் இடது கை அந்தப் பட்டையை இன்னும் விடாமல் பிடித்திருந்தது.

"அப்ப ரெண்டு வருசமா நான் யாருக்காக அப்பிடிப் படுத்தேன்?" என்றார்.

"எனக்காகத்தான். ஆனா நீ என்ன ஒரு வார்த்த கேக்கலியே." பவித்ரா அவர் கையிலிருந்த பட்டையை மெல்ல எடுத்து என்னிடம் கொடுத்தாள். "நாளைக்கு அரையாண்டு கணக்குப் பரீட்ச. இன்னிக்கு ராத்திரி கொஞ்சம் சத்தமாவே தூங்குப்பா."